தோட்டக்காரன் மகன்

நாலு நாளாய் ஜலதோஷம். மூக்கு அடைத்துத் தலை பாறாங்கல்லாய்க் கனத்தது. புத்தகத்தை எடுத்தால் கண்ணில் நீர் வழிகிறது. அம்மா சுக்குக் கஷாயத்தை நீட்டி, "படிச்சுக் கிழிச்சது போதும், பேசாம படுடா" என்றாள். படுத்தபடியே டி.வி.யில் பழைய மாயாஜாலப் படங்களாகப் பார்க்க ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் 'பாதாள பைரவி'.

கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன் நான். ராஜா ராணி படம் என்றாலே எனக்கு ஓர் இளக்காரம். நாடு ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில் மந்திரவாதியும் மாயச் சிலையுமா என்று வகுப்பிலேயே கேலி பேசியிருக்கிறேன். அவசரப்பட்டுச் சொன்ன தீர்ப்பு அது என்பது மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தபோதுதான் உறைத்தது.

1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்னால், நாகி ரெட்டியும் சக்ரபாணியும் சென்னையிலிருந்து குழந்தைகளுக்கு ஒரு கதைப் பத்திரிகை தொடங்கினார்கள். தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா'. அதே இருவர்தான் விஜயா நிறுவனத்தையும் நடத்தினார்கள். மாதாமாதம் அச்சில் வந்த அரண்மனையும் குகையும் 1951-ல் அவர்கள் தயாரிப்பிலேயே திரைக்கு வந்தன. இயக்கம் கே.வி. ரெட்டி, ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. கிழட்டு மந்திரவாதியாக மிரட்டும் எஸ்.வி. ரங்காராவுக்கு அப்போது 32 வயசுதான்!

கதை சின்னதுதான். தோட்டக்காரன் மகன் இளவரசியை விரும்புகிறான். என் அளவுக்குச் செல்வம் சேர்த்துக்கொண்டு வா, அப்புறம் பேசலாம் என்கிறார் ராஜா. இந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் வெள்ளைக்காரன் ஆட்சியும் குடிமக்களிடம் இதைத்தான் கேட்டது. 1935-ஆம் வருஷச் சட்டப்படி ஓட்டுப் போடச் சொத்து வேண்டும், இல்லையென்றால் வரி கட்டியிருக்க வேண்டும், அல்லது படிப்பு வேண்டும். 1946 தேர்தல் வரைக்கும் இதுதான் கதை. கூலிக்கு ஏர் ஓட்டிய, கைநாட்டு வைக்கிற என் தாத்தாவுக்கு அந்த வாசல் திறக்கவே இல்லை. படம் தமிழில் வந்தது 1951 மே மாதம். அந்த அக்டோபரில் முதல் பொதுத்தேர்தல் தொடங்கியது. 21 வயசானால் போதும், சொத்துக் கணக்கு கிடையாது. பட்டியலில் சுமார் 17 கோடியே 30 லட்சம் பேர்.

படம் எடுத்தவர்கள் தேர்தலை மனசில் வைத்து எடுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பார்த்தவர்கள் எதை மனசில் வைத்துப் பார்த்தார்கள் என்பதுதான் என் கேள்வி. அதற்கு ஆவணம் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"டூரிங் டாக்கீஸ்ல பாத்தேன். தரை டிக்கெட். எங்கப்பா மடியில உக்காந்திருந்தேன்" என்றாள் அம்மா. "ராஜா சொத்தக் கேக்கறான் பாரு, அப்போ எங்கப்பா மண்ணுல 'த்தூ'ன்னு துப்பினாரு. சுத்தி இருந்தவங்கல்லாம் சிரிச்சாங்க."

"எந்த வருஷம்மா?"

"வருஷமெல்லாம் யாருக்குடா தெரியும்? ஓட்டுப் போட்டு வந்த கதைய அவரு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச காலம். விரல்ல வச்ச மையக் கழுவக்கூட விடல."

இருபது வருஷமாகத் தேர்தல் பாடம் நடத்துகிறேன். இதை அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க ஒரு ஜலதோஷம் வரவேண்டியிருந்தது.

படத்தில் மாயச் சிலை கொடுத்த மாளிகை ஒரே இரவில் பறிபோகிறது. மந்திரவாதியைக் கடைசியில் கவிழ்ப்பது இன்னொரு மந்திரம் இல்லை. நாயகனின் தோழன் பேச்சுக் கொடுத்தே அவன் தாடியை மழிக்க வைத்துவிடுகிறான். அதோடு சக்தி போச்சு. தரை டிக்கெட்காரனுக்கு இதைவிட நல்ல பாடம் யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

அடுத்த வாரம் வகுப்பில் என் பழைய கேலியை வாபஸ் வாங்க வேண்டும். குறிப்பெடுக்கலாம் என்று ரிமோட்டைத் தேடினேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

"நிறுத்தாதடா. தாடி எடுக்கற எடம் இன்னும் வரல."