பசிக்கு மரவள்ளி, புகைக்குப் பப்பாளி இலை



"புகையிலைதானே கெடுதல்? வேறு ஏதாவது பச்சிலையைக் காயவைத்துப் புகைத்தால் என்ன?" என்று நம் இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். இது புதிய கேள்வி அல்ல. நம் தாத்தாக்களின் காலத்திலேயே உலகம் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா முழுவதும் ஜப்பானியர் கைக்குப் போனது. கப்பல் போக்குவரத்து குறைந்தது. அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கு அதன் இடத்தைப் பிடித்தது. வாழைமர நோட்டின் மதிப்போ நாளுக்கு நாள் சரிந்தது. இந்தத் தட்டுப்பாட்டில் புகையிலையும் தப்பவில்லை. புகைத்துப் பழகியவர்களின் கண், கொல்லையில் நின்ற பப்பாளி மரத்தின்மேல் விழுந்தது. இலையைப் பறித்து, வெயிலில் காயவைத்து, பொடியாக நறுக்கிச் சுருட்டினார்கள். போர்க் கைதிகளும் அப்படித்தான். சுருட்டத் தாள் இல்லாமல், மெல்லியதாக இருக்கிறதே என்று பைபிள் பக்கங்களைக் கிழித்தவர்களும் உண்டு.

ஜெர்மனியிலும் இதே கதைதான். முதல் உலகப் போரில் கடல்வழி அடைபட்டபோது, பீச் மரத்து இலையையும் செர்ரி மரத்து இலையையும் புகையிலையோடு கலந்தார்கள். இரண்டாம் போரில் புகையிலைக்கும் பங்கீட்டு அட்டை வந்தது. போருக்குப்பின் பணம் மதிப்பிழக்க, கள்ளச் சந்தையில் அமெரிக்க சிகரெட்டே பணமாக நடமாடியது. 1948 ஜூனில் புதிய மார்க் நாணயம் வந்த பிறகே அந்நிலை மாறியது. ஐரோப்பாவில் போர்க் கைதியாக இருந்த ராட்ஃபோர்ட் என்ற பொருளியலாளர், முகாமில் ரொட்டிக்கும் ஜாமுக்கும் சிகரெட்டிலேயே விலை சொல்லப்பட்டதை 1945இல் எழுதிவைத்தார்.

இங்கேதான் நாம் சற்று யோசிக்க வேண்டும். செர்ரி இலை தோட்டந்தோறும் சும்மா கிடைத்தது. அது உண்மையிலேயே மாற்றாக இருந்திருந்தால், பசித்த மனிதன் ஒரு சிகரெட்டுக்காகத் தன் ரொட்டியைக் கொடுத்திருப்பானா? இலையில் புகை இருந்தது, நிக்கோட்டின் இல்லை. மனிதனை அடிமைப்படுத்தியது நிக்கோட்டின்தான். அது கிடைக்காததால் ஏக்கமும் தீரவில்லை.

அப்படியானால் இலைப்புகை தீங்கற்றதா? அதுவும் இல்லை. எந்த இலையைக் கொளுத்தினாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். நுரையீரலுக்குப் பப்பாளி என்றும் செர்ரி என்றும் வேற்றுமை தெரியாது. நமக்குத் தெரிந்த பீடியையே எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றியிருப்பது தெந்து என்னும் பழமரத்தின் இலை. காகிதம்போல் அதில் காற்று எளிதில் புகாது. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். அதனால் உள்ளே போகும் நஞ்சும் அதிகம். "மூலிகை சிகரெட்" விற்பவர்கள் அதன் தீமையை விளம்பரத்தில் எச்சரிக்க வேண்டும் என்று அமெரிக்க வாணிப ஆணையம் 2000ஆம் ஆண்டிலேயே நடவடிக்கை எடுத்தது.

ஜப்பான்காரன் காலத்தில் பப்பாளி இலையைப் புகைத்தவர்களை நான் குறை கூறமாட்டேன். பசியும் பயமும் நிறைந்த நாள்களில் ஒரு நிமிட ஆறுதலைத் தேடினார்கள். நமக்கு அந்த நெருக்கடி இல்லை. அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் கேட்டே தெரிந்துகொள்ளலாம். மாற்று இலையைத் தேடுவதைவிட, பழக்கத்தை விடுவதற்கு மருத்துவரின் உதவியைத் தேடுவோம்.