காவலூர் கண்ட யுரேனஸ்

பெங்களூரிலிருந்து சென்னைக்குப் புகைவண்டியில் செல்லும் தமிழர், ஜோலார்பேட்டையைக் கடந்ததும் வலப்புறத்தில் ஏலகிரி மலையைக் காண்பர். அதற்கும் அப்பால், கிழக்கே, ஜவ்வாது மலையின் மடியில், ஆலங்காயத்தை அடுத்துக் காவலூர் என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. பேரூர்களின் விளக்கொளி எட்டாத அவ்விடத்தில் நிறுவப்பட்ட வானாய்வுக்கூடத்தை இன்று நடத்தி வருவது, பெங்களூரின் கோரமங்கலாவில் தலைமையகம் கொண்டுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனமாகும்.

யுரேனஸ் கிரகத்தின் வளையங்களைக் காவலூரே கண்டுபிடித்தது என்று பெருமையுடன் கூறுவோர் நம்மிடையே உண்டு. அயல்நாட்டு விமானமே கண்டுபிடித்தது, நமக்கு அதில் பங்கில்லை என்று தள்ளுவோரும் உண்டு. இவ்விரண்டும் முழு உண்மையல்ல. நடந்தது என்ன என்பதை ஆண்டு வாரியாக ஆராய்ந்து பார்ப்போம்.

இந்நிறுவனத்தின் பரம்பரை பழமையானது. 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் வானாய்வுக்கூடம் ஒன்றை எழுப்பினர். 1899இல் ஆராய்ச்சிப் பணி கொடைக்கானல் மலைக்குப் பெயர்ந்தது. 1960இல் அதன் தலைமையை ஏற்றவர், சென்னையிலே பிறந்த டாக்டர் வைணு பாப்பு. சூரியனை ஆராய்வதற்குக் கொடைக்கானல் ஏற்றதாயினும், இரவு வானை ஆராய்வதற்கு வேறிடம் வேண்டும் என்று அவர் கருதினார். பலவிடங்களைத் தேடிப் பார்த்தபின் காவலூரைத் தேர்ந்தார். 1968இல் 38 செ.மீ. கண்ணாடி கொண்ட சிறு தொலைநோக்கியுடன் அங்கே பணி தொடங்கிற்று. 1971இல் நிறுவனம் தன்னாட்சி பெற்றது. 1972இல் ஜெர்மனியின் ஜெனா நகரத்து ஸைஸ் தொழிற்சாலையிலிருந்து வந்த 102 செ.மீ. தொலைநோக்கி நிறுவப்பட்டது.

தொலைவிலுள்ள கிரகங்களின் வாயு மண்டலத்தை அறிவது எளிதன்று. யுரேனஸ், பூமியைப் போலச் சூரியனிலிருந்து ஏறக்குறைய 19 மடங்கு தொலைவில் உலவுகின்றது. ஒருமுறை சுற்றிவர அதற்கு 84 ஆண்டுகள் ஆகின்றன. பூமியிலிருந்து நோக்குகையில் அது மிகப் பெரிய தொலைநோக்கியிலும் சிறியதொரு பசுநீல வட்டமாகவே தோன்றும். அத்தகைய கிரகத்தின் மேற்புறத்து வாயுவை எங்ஙனம் அளப்பது?

அதற்கு வானநூலார் கையாளும் வழி, நட்சத்திர மறைப்பு. கிரகம் தன் பாதையில் நகரும்போது, எப்போதாவது ஒரு நட்சத்திரத்திற்கும் நமக்கும் இடையே வந்து நிற்கும். சுவருக்குப் பின்னே கொண்டுபோகும் விளக்கு சட்டென்று மறைவது போல, வாயுவற்ற உருண்டையின் பின்னே செல்லும் நட்சத்திரம் கணத்தில் மறையும். வாயு சூழ்ந்த கிரகமாயின், நட்சத்திர ஒளி அவ்வாயுவின் ஊடே வருங்கால் வளைந்து பரவி, படிப்படியாக மங்கும். எத்தனை விநாடிகளில் எவ்வளவு மங்கிற்று என்று அளந்தால், உயரம் செல்லச் செல்ல வாயுவின் அடர்த்தி எவ்வளவு விரைவாகக் குறைகின்றது என்பது புலனாகும். வாயு இன்னதெனத் தெரியுமாயின், அதன் வெப்பநிலையையும் கணக்கிட்டு விடலாம்.

இம்முறையைக் காவலூர், புதிய தொலைநோக்கி வந்த 1972ஆம் ஆண்டிலேயே கையாண்டது. அவ்வாண்டு ஜூன் 7ஆம் நாள் வியாழனின் உபகிரகமாகிய கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. காவலூரிலும், ஜாவாத் தீவின் லெம்பாங்கிலும் அதனை அளந்தனர். கானிமீடுக்கு மெல்லிய வாயு மண்டலம் உண்டு என்று அளவுகளிலிருந்து முடிவு கட்டினர். அதன் அழுத்தம் பூமியின் காற்றழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கேனும் இருக்கும் என மதிப்பிட்டனர். ஆனால் 1979இல் வாயேஜர் விண்கலம் அருகே சென்று பார்த்தபோது, அம்மதிப்பு மிக அதிகம் என்று தெரிந்தது. பின்னர் 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி அங்கே மிக மிக மெல்லிய பிராணவாயு உண்டு எனக் காட்டிற்று. அளவு எடுப்பது ஒன்று, அதிலிருந்து பொருள் காண்பது மற்றொன்று என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ், துலா ராசியிலுள்ள மங்கலான நட்சத்திரம் ஒன்றை மறைக்கும் என்று இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வுக்கூடத்தைச் சேர்ந்த கார்டன் டெய்லர் முன்னரே கணித்திருந்தார். யுரேனஸின் வாயு மண்டலத்தை அளப்பதற்குக் கிடைத்த அரிய வாய்ப்பு அது. இந்தியாவில் காவலூரும் நைனிதாலும், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரமும் ஆயத்தமாயின. அமெரிக்கர், 91 செ.மீ. தொலைநோக்கியைத் தாங்கிய கைப்பர் வானாய்வு விமானத்தை இந்துமகா சமுத்திரத்தின் தென்பகுதிக்கு அனுப்பினர்.

காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 102 செ.மீ. தொலைநோக்கியில் ஒளிமின் கருவியைப் பொருத்திக் காத்திருந்தனர். நம் நாட்டுக் கடிகாரப்படி அது 11ஆம் நாளின் பின்னிரவு. ஆனால் கிரகத்தின் நிழல், கணித்ததைவிடத் தெற்கே விலகிச் சென்றது. காவலூருக்கும் பெர்த்துக்கும் மறைப்பே நிகழவில்லை! எந்த வாயு மண்டலத்தை அளக்க விழித்திருந்தனரோ, அது அவர்களுக்குக் கிட்டவில்லை. எனினும், நட்சத்திரம் யுரேனஸுக்குச் சற்று அப்பால் இருக்கும்போதே அதன் ஒளி சில விநாடிகள் திடீரெனக் குறைந்து மீண்டதைக் கருவி பதிந்திருந்தது. ஒளியை மறைத்த பொருள் யாது? யுரேனஸின் புதிய உபகிரகம் என்று கருதி, அவ்விருவரும் 'நேச்சர்' இதழில் அதே ஆண்டில் கட்டுரை வெளியிட்டனர்.

தெற்கே பறந்த விமானத்திலோ ஜேம்ஸ் எலியட்டும் அவருடன் இருந்த டன்ஹம், மிங்க் ஆகியோரும் முழு மறைப்பையும் கண்டனர். கணிப்பு நம்பத்தக்கதல்ல என அஞ்சி, மறைப்புக்கு அரைமணிக்கும் முன்பே கருவியை இயக்கிவிட்டனர். அம்முன்னெச்சரிக்கை பலித்தது. மறைப்புக்கு முன் ஐந்து முறை ஒளி குறைந்தது. சிறு உபகிரகங்களின் கூட்டமோ என்று முதலில் அவர்களும் எண்ணினர். மறைப்புக்குப் பின்னரும் ஐந்து முறை குறைந்திருந்தது. இருபுறத்துக் குறைவுகளும் ஏறத்தாழ ஒன்றற்கொன்று எதிரெதிராய்ப் பொருந்தின. உபகிரகங்கள் அவ்வாறு இருபுறமும் ஒழுங்காய் நிற்கமாட்டா. ஆகவே அவை யுரேனஸைச் சூழ்ந்த ஒடுங்கிய வளையங்கள் என்பது தெளிவாயிற்று. கிரேக்க எழுத்துகளால் அவற்றிற்குப் பெயரிட்டனர். காவலூர்க் கருவி பதிந்த குறைவு, அவற்றுள் மிகப் புறத்தே இருந்த எப்சிலான் வளையத்தினுடையது. அவ்வாண்டிலேயே பட்டாச்சார்யாவும் பாப்புவும் காவலூர்ப் பதிவை மீண்டும் ஆராய்ந்து, வளைய அமைப்பைப் பற்றி எழுதினர்.

இனி வழக்கைத் தீர்ப்போம். வளையம் என்று முதலில் உணர்ந்தவர் விமானத்தில் சென்றோரே, அப்பெருமை அவர்களுக்குரியது. ஆனால் காவலூரின் பதிவு மெய்யானது. ஆயிரக்கணக்கான மைல் விலகியிருந்த ஓரிடத்திலிருந்து சுயேச்சையாகக் கிடைத்த சாட்சி அது. ஒரே நிகழ்ச்சியைப் பூமியின் பலவிடங்களிலிருந்து அளந்ததனாலேயே ஐயம் நீங்கிற்று. உபகிரகம் எனக் கருதியதில் இழிவில்லை. 1781இல் யுரேனஸைக் கண்ட வில்லியம் ஹெர்ஷலே அதனை முதலில் வால்நட்சத்திரம் என்றுதான் அறிவித்தார். அவரது பெயர் குன்றிற்றா?

1986 ஜனவரி 24இல் வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸை அணுகி, வளையங்களைப் படமெடுத்தது. வாயு மண்டலத்தில் ஹைட்ரஜனும் ஹீலியமும் மிகுந்திருப்பதையும், அதன் ஒரு பகுதியில் சுழியத்துக்குக் கீழே 220 டிகிரி சென்டிகிரேடுக்கும் அதிகமான குளிர் நிலவுவதையும் அளந்தது. சிவப்பு ஒளியை மீதேன் வாயு விழுங்கிவிடுவதே கிரகத்தின் பசுநீல நிறத்துக்குக் காரணம். அதன்பின் வேறெந்த விண்கலமும் யுரேனஸை அணுகியதில்லை. ஆகையால் நட்சத்திர மறைப்பு இன்றும் பயன் தரும் முறையாகவே விளங்குகிறது.

அதே மாதம் 6ஆம் நாள், பிரதமர் ராஜீவ் காந்தி காவலூர் ஆய்வுக்கூடத்திற்கும், இந்தியாவிலேயே செய்யப்பட்ட அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். 1982இல் மறைந்த பாப்பு அதனைக் காணவில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நாம், பிறந்த மண்ணின் பெருமையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல விழைகிறோம். அப்படிச் சொல்லும்போது உள்ளதை உள்ளபடி சொல்வோம். ஜவ்வாது மலையில் விழித்திருந்த இருவர், தேடியது கிட்டாதபோதும் கண்டதை ஒளிக்காமல் பதிந்து உலகுக்கு அளித்தனர். மிகைப்படுத்தாமலே இது பெருமைக்குப் போதும்.