கண்ணீர்ப் பாதையில் வந்த விதை

வரலாற்றுச் சான்றுகள் என்றவுடன் கல்வெட்டு, செப்பேடு, நாணயம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றோடு வைத்து எண்ணத்தக்க சான்று இன்னொன்று உண்டு, அதுதான் விதை. கல்வெட்டு கிடந்த இடத்திலேயே கிடந்து நூற்றாண்டுகளைக் கடக்கும். விதையோ மீண்டும் மீண்டும் விதைக்கப்பட்டால்தான் நிலைக்கும். இதனை விளக்க, அமெரிக்க நாட்டுச் செரோக்கி மக்கள் காத்துவரும் ஒரு பீன்ஸ் வகையின் வரலாற்றைக் கூற விரும்புகிறேன்.

செரோக்கியர் அமெரிக்காவின் தென்கிழக்கே, அப்பலேச்சிய மலைப்பகுதியில் தொன்றுதொட்டு வாழ்ந்த பழங்குடியினர். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி ஆகிய மூன்றையும் ஒரே நிலத்தில் கலந்து பயிரிட்டனர். சோளத்தண்டு பீன்ஸ் கொடிக்குக் கொழுகொம்பாகும். பீன்ஸின் வேர் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கும். பூசணியின் அகன்ற இலைகள் களையை அடக்கி ஈரத்தைக் காக்கும். பயிர்த்தொழில் பெரிதும் பெண்டிர் கையில் இருந்தது. குலமும் தாய்வழியே எண்ணப்பட்டது. 1821-இல் செக்கோயா என்பவர் அம்மொழிக்கு எழுத்து வகுத்தார்; 1828-இல் செய்தித்தாளும் வெளிவந்தது.

இத்தகைய மக்களின் நிலத்தின்மீது பிறர் கண் விழுந்தது. வெள்ளையர் பருத்தி விளைவிக்க நிலம் தேடினர். ஜார்ஜியாவில் தங்கமும் கிடைத்தது. பழங்குடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்ற 1830-இல் சட்டம் பிறந்தது. 1835-இல் சிறு குழுவினர் மட்டும் கையெழுத்திட்ட உடன்படிக்கையைக் காட்டி, நிலம் முழுவதும் கைமாறிவிட்டது என்றனர். தலைவர் ஜான் ராஸ் அதனை மறுத்தார், பல்லாயிரவர் ஒப்பமிட்ட விண்ணப்பமும் சென்றது, பயன் விளையவில்லை. 1838 மே மாதம் படை வந்தது. ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்து முகாம்களில் அடைக்கப்பட்டு, இன்றைய ஓக்லஹோமா நோக்கிச் செலுத்தப்பட்டனர். பெரும்பாலோர் கடுங்குளிரில் நடந்தனர். சுமார் 4,000 பேர் மாண்டனர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. அவ்வழியைக் 'கண்ணீர்ப் பாதை' என்று வரலாறு குறிக்கிறது.

மக்கள் எடுத்துச் சென்ற சிறு உடைமைகளுள் விதையும் இருந்தது. பளபளக்கும் கருநிற விதையும், முற்றும்போது செவ்வூதா நிறம் கொள்ளும் காயும் உடைய ஒரு பீன்ஸ் அவ்வாறு வந்தது என்பது குடும்ப வழியாக வந்த செய்தி. மரபு விதைகளைத் தோட்டக்காரர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்வதற்காக, கென்ட் வீலியும் டயேன் வீலியும் 1975-இல் அமெரிக்காவில் ஓர் அமைப்பைத் தோற்றுவித்தனர். செரோக்கி மரபினரான ஓக்லஹோமாப் பல்மருத்துவர் ஒருவர், 1977-இல் இவ்விதையை அதன் கதையோடு அவ்வமைப்புக்கு அளித்தார்.

வாய்மொழிச் செய்தி சான்றாகுமா என்று மாணவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சாதாரணமாக வீட்டில் வைத்த பீன்ஸ் விதை சில ஆண்டுகளிலேயே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். 1839 முதல் 1977 வரை 138 ஆண்டுகள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை விதைத்தார்கள் என்று கொண்டாலும், ஏறத்தாழ 27 முறை யாரோ மண்ணைக் கிளறி, விதையிட்டு, நெற்றை உலர்த்தி எடுத்து வைத்திருக்க வேண்டும். ஒரு தலைமுறை மறந்திருந்தாலும் சங்கிலி அறுந்திருக்கும். படைத்தலைவர்களின் பெயர் ஏடுகளில் இருக்கிறது. விதைத்த கைகளின் பெயரோ எங்கும் இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற ஆவணம் அந்த விதையே.

செரோக்கி நாட்டினர் 2006-இல் தமக்கென விதை வங்கி தொடங்கி, தம் குடிமக்களுக்கு மரபு விதைகளை விலையின்றி வழங்கி வருகின்றனர். 2020 பிப்ரவரியில், நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலுள்ள உலக விதைக் காப்பகத்திலும் தம் மரபு விதைகளை வைத்தனர். அங்கே உறைநிலைக்குக் கீழ் 18 பாகைக் குளிரில் விதைகள் உறங்குகின்றன. அது பேரிடருக்கான காப்பு. எனினும், விதைக்கும் பருவத்தையும் சமைக்கும் முறையையும் சுமந்து வந்தவர் துயரையும் எந்தக் குளிர்ப்பேழையும் காக்காது. அவற்றைக் காப்பது தோட்டமும் பேச்சுமே.

ஆகவே, எவரேனும் உங்களுக்கு விதை தந்தால், அதன் பெயரையும், அது யாரிடமிருந்து வந்தது என்பதையும் கேட்டுக் குறித்து வையுங்கள். பின்பு விதையுங்கள். நிலம் பறிபோன மக்கள், மீண்டும் ஒரு தோட்டம் உண்டாகும் என்ற நம்பிக்கையை அந்தக் கருவிதையில் முடிந்து வைத்தார்கள். அந்நம்பிக்கை ஒவ்வோர் ஆண்டும் முளைக்கிறது.