மலைக்குத் தருவித்த குளவி

2020 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய பிளெய்ன் என்ற ஊரில், பூச்சியியலாளர்கள் ஒரு ராட்சதக் குளவியின் உடம்பில் ரேடியோக் கருவியை நூலால் கட்டிப் பறக்கவிட்டார்கள். அது போய் நுழைந்த மரப்பொந்தில் கூடு இருந்தது. உறிஞ்சு குழாய் வைத்துக் குளவிகளை இழுத்தெடுத்தார்கள். அப்படித் தேடித் தேடி அழித்து, 2024 டிசம்பரில் அந்த ஆசியக் குளவி நாட்டைவிட்டே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பிரான்ஸுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. 2004இல் அங்கே தென்பட்ட இன்னொரு ஆசியக் குளவி, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. அந்த இனத்துக்கு மலாயாத் தீபகற்பத்து மலைகளும் சொந்த ஊர். அங்கே அதை யாரும் வந்தேறி என்று சொல்வதில்லை.

மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் கதை தலைகீழ். அங்கே விரட்டப்பட்டது அந்துப்பூச்சி. அதை விரட்டவென்றே வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டது குளவி.

தேயிலைக்காரர்களுக்கு இந்த உத்தி பழசுதான். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது கூட நின்றவர் ஏ. பி. மில்ன், இலங்கையில் தேயிலை போட்டுப் பழுத்தவர். அதே இலங்கையில் அப்போது இலைச்சுருட்டுப் புழு பெரும் தலைவலியாக இருந்தது. காப்பிக் காலத்திலேயே பெயர் வாங்கிய பூச்சி அது. கொழுந்துகளை நூலால் ஒன்றோடொன்று தைத்து, உள்ளே உட்கார்ந்து தின்னும். இலையோடு ஒட்டிக் கிடக்கும் முட்டைக் குவியல்களைக் கையால் பொறுக்குவதைத் தவிர வேறு வழி அவ்வளவாக இல்லை. எத்தனை ஏக்கரில் எத்தனை இலையைப் புரட்டிப் பார்ப்பது?

1935, 36 ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து ‘மேக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே’ என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை இலங்கைக்குக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். அது ஊன்றிக்கொண்டது, புழுவும் அடங்கியது. உலக அளவில் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வெற்றி இது. கெட்டதும் மனிதர் கையால்தான். 1950களில், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்கென்று டீல்ட்ரின் மருந்தை அடித்தார்கள். வண்டோடு சேர்ந்து குளவியும் செத்தது. மறந்தே போயிருந்த சுருட்டுப்புழு மறுபடி கிளம்பியது.

கேமரன் மலைக்கு வருவோம். தேயிலைச் சரிவுகளுக்கு அடுத்த பள்ளத்தாக்குகளில், ரிங்லெட் முதல் கம்போங் ராஜா வரை, காய்கறிப் பண்ணைகள் பெருகின. குளிர்ந்த மலை என்பதால் முட்டைக்கோஸ் நன்றாகத் திரண்டது. கூடவே வந்தது வைரமுதுகு அந்துப்பூச்சி. சிறகை மடக்கி உட்கார்ந்தால் முதுகில் வைர வடிவங்கள் வரிசையாகத் தெரியும்; அழகுக்குக் குறைவில்லை. அதன் புழு இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்று, மேல்தோலை மட்டும் கண்ணாடித்தாள் போல விட்டுவைக்கும். எந்த மருந்துக்கும் பழகிக்கொள்வதில் இதற்கு நிகரான பூச்சி குறைவு. டிடிடிக்கு அசையாத வைரமுதுகை 1950களின் தொடக்கத்திலேயே ஜாவாவில் கண்டுவிட்டார்கள். கேமரன் மலையின் பண்ணைக்காரர்களும் மருந்தை மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள், இரண்டு மூன்றைக் கலந்தும் அடித்துப் பார்த்தார்கள். புழு தாக்குப்பிடித்தது; புழுவைத் தின்னக்கூடியவை செத்தன.

1970களின் நடுவில் மலேசிய விவசாயத் துறை வல்லுநர்கள் வெளிநாட்டு ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து மலையில் விட்டார்கள். அவற்றில் முக்கியமானது ‘டயடெக்மா செமிகிளாசம்’. நியூசிலாந்து 1930களிலேயே இங்கிலாந்திலிருந்து எடுத்துப் போய்ப் பயன்கண்ட இனம் அது.

அதன் வேட்டையைக் கிட்டே நின்று பார்ப்பது சுவாரசியம். குளவி நெருங்கியதும் புழு நெளிந்து இலையிலிருந்து குதிக்கும். ஆனால் ஒரு பட்டு இழையைப் பிடித்தபடிதான் தொங்கும். டயடெக்மா அவசரப்படாது. இழையின் மேல்முனையருகே காத்துக்கொண்டிருக்கும். ஆபத்து போயிற்று என்று நினைத்துப் புழு ஏறி வரும்போது ஒரே குத்து, உள்ளே ஒரு முட்டை. புழு சாவதில்லை, வழக்கம்போலத் தின்று வளர்ந்து, தனக்குக் கூடும் பின்னிக்கொள்கிறது. அந்தக் கூட்டுக்குள்தான் குளவிக்குஞ்சு அதைத் தின்று முடித்து, தன் கூட்டைக் கட்டிக்கொள்ளும்.

இந்தக் குளவியின் தடத்தைப் பிடிக்க ரேடியோ உதவாது. வயலிலிருந்து புழுக்களைப் பொறுக்கி வந்து, டப்பாவில் இலை போட்டு வளர்த்து, கடைசியில் வெளியே வருவது அந்துப்பூச்சியா, குளவியா என்று எண்ண வேண்டும். அப்படி எண்ணியதில் ஆரம்ப ஆண்டுகளின் கணக்கு சோர்வூட்டியது. மருந்தடிப்பு ஓயாத பண்ணைகளில் குளவி தலைதூக்கவே முடியவில்லை. 1980களில் நிலைமை மாறத் தொடங்கியதற்குக் காரணம் புதிய குளவி அல்ல, குறைந்த மருந்து. குளவியை விட்டுப் புழுவை மட்டும் கொல்லும் ‘பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்’ என்ற பாக்டீரிய மருந்துக்குப் பலர் மாறினார்கள். மருந்தெச்சம் மிகுந்த காய்கறியைச் சிங்கப்பூர் ஏற்க மறுத்ததும் பண்ணைக்காரர்களை யோசிக்க வைத்தது. சந்தை சொன்னால் கேட்பார்கள், பூச்சியியலாளர் சொன்னால் கேட்கமாட்டார்கள்! அதற்குப் பிறகே டயடெக்மா மலையின் முதன்மை ஒட்டுண்ணியாக எழுந்தது.

வைரமுதுகு அதோடு ஒழிந்துவிடவில்லை. ஒரே பாக்டீரிய மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்ததில், 1990களில் கேமரன் மலைப் புழுக்கள் அதற்கும் எதிர்ப்புத் திறன் பெற்றிருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். டயடெக்மாவுக்கும் ஓர் எல்லை உண்டு. குளிர்ந்த மலையில் மட்டுமே அது செழிக்கும். சமவெளியின் வெக்கையில் அதன் வேலையைக் கோட்டீசியா என்ற வேறொரு குளவிதான் பார்க்கிறது. அதனால் டயடெக்மா போய் நிலைத்த இடங்கள் பெரும்பாலும் மலைப்பாங்கானவை. நீலகிரியின் முட்டைக்கோஸ் வயல்களில் அது இருக்கிறது. 2002இல் தைவானிலிருந்து கென்யாவின் உயர்நிலங்களுக்குக் கொண்டுபோய் விடப்பட்டதும் இதே இனம்தான்.