அசலையும் எடுத்துவிட்டார்கள்

போன ஞாயிறு கரோல் பாக்கில் வேலை முடிந்ததும், ஜண்டேவாலான் பெரிய அனுமார் சிலைக்குப் பின்னால் ரிட்ஜ் காட்டுக்குள் போகும் பாதையில் மகளோடு நடந்தேன். கொஞ்ச தூரத்தில் பூலி பட்டியாரி மஹால். மஹால் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கல் மதில், ஒரு வாசல், உள்ளே சில அறைகள், அவ்வளவுதான். 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் கட்டிய வேட்டை மாளிகை என்பார்கள். அதைச் சொன்னேன்.

"இங்க எதைப்பா வேட்டையாடினாங்க? குரங்கையா?"

சுற்றிலும் அன்று இருந்தது குரங்குகள்தான். சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. இதே ரிட்ஜில் மால்ச்சா மஹால் இருக்கிறது, தீன் மூர்த்தி வளாகத்துக்குள் குஷ்க் மஹால் இருக்கிறது. எல்லாம் அதே சுல்தானின் வேட்டை மாளிகைகள். மிருகம் இல்லாத இடத்தில் இத்தனை கட்டுவார்களா?

தில்லியைச் சுற்றி அன்று சிங்கம் இருந்தது. ஆமாம், சிங்கமேதான். ஔரங்கசீப் காலத்தில் இங்கே இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் சிங்க வேட்டையை விவரமாக எழுதியிருக்கிறார். கழுதைக்கு அபின் கொடுத்துக் கட்டிவைப்பார்கள். அதைத் தின்ற சிங்கம் மயக்கத்தில் கிடக்கும். பிறகு பாதுஷா யானை மேல் வந்து சுடுவார். சிங்கத்தைக் கொல்வது அரச குடும்பத்தின் தனி உரிமை, மற்றவர்கள் தொடக்கூடாது. அந்த அகம்பாவமே சிங்கத்துக்கு ஒரு காவலாக இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1803இல் தில்லி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. காவல் போனது, துப்பாக்கிகள் பெருகின. தில்லியில் கம்பெனி அதிகாரியாக இருந்த வில்லியம் பிரேசர் ஒருவரே 84 சிங்கங்களைச் சுட்டார் என்று சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் குஜராத்தின் கிர் காட்டைத் தவிர நாட்டில் வேறெங்கும் சிங்கம் இல்லாமல் போயிற்று. ஜூனாகத் நவாப்புகள் தடுத்ததால் அங்கே மிஞ்சியது. 2025 கணக்கெடுப்பில் 891.

சிங்கத்துக்கு அந்தக் கிர் காடாவது கிடைத்தது. சிவிங்கிக்கு அதுவும் இல்லை. (சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு. ஹிந்தியில் சீத்தா என்பது சிவிங்கி. நம் தமிழ் செய்திகளிலேயே பல தடவை குழப்புகிறார்கள்.)

மொகலாயர்கள் சிவிங்கியைக் கொல்லவில்லை, வளர்த்தார்கள். பிடித்துப் பழக்கி, கண்ணைக் கட்டி வண்டியில் கொண்டுபோய், மான் கூட்டத்தைக் கண்டதும் அவிழ்த்துவிடுவார்கள். அக்பர் 1,000 சிவிங்கிகளைச் சேர்த்து வைத்திருந்தார் என்று மகன் ஜஹாங்கீர் எழுதியிருக்கிறார். அத்தனையும் ராஜ உபசாரத்தில் வாழ்ந்தவை. ஆனால் அடைத்து வைத்தால் சிவிங்கி எளிதில் குட்டி போடாது. ஜஹாங்கீர் காலத்தில் ஒரே ஒரு முறை மூன்று குட்டிகள் பிறந்ததை அதிசயம் என்று குறித்து வைத்தார்கள். அடுத்த முறை அப்படிப் பதிவானது 1956இல், அமெரிக்காவின் பிலடெல்பியா மிருகக்காட்சிசாலையில்!

பேங்க்காரன் புத்தி எனக்கு. இதை லெட்ஜராகத்தான் பார்க்க முடிகிறது. அரண்மனையில் ஒரு சிவிங்கி செத்தால், இன்னொன்றைக் காட்டிலிருந்துதான் பிடிக்க வேண்டும். எல்லாம் பற்று, வரவே இல்லை. பல நூறு வருஷம் பல அரண்மனைகள் இப்படி எடுத்தன. வட்டி என்று நினைத்து அசலைத் தின்றார்கள். பிறகு புல்வெளிகள் வயலாயின. ஆங்கிலேயர் ஆட்சியில் கொன்றவர்களுக்குப் பரிசுப் பணமும் கொடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் நம் ராஜாக்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கி இறக்குமதி செய்து வேட்டைக்குப் பழக்கினார்கள். இங்கே கணக்கு காலி என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டாமா? 1947இல் கொரியா சமஸ்தானத்து மகாராஜா ஒரே இரவில் மூன்று ஆண் சிவிங்கிகளைச் சுட்டார். நாட்டின் கடைசி மூன்று அவைதான் என்பது பரவலான கருத்து. 1952இல் அரசே 'இனி இல்லை' என்று அறிவித்தது.

2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு, 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டு என மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு விமானத்தில் கொண்டுவந்தார்கள். சில செத்தன, குட்டிகளும் பிறந்தன. சந்தோஷம்தான். ஆனாலும் இது கடன் வாங்கிப் போட்ட டெபாசிட். நம் சிவிங்கி ஆசிய இனம். அது இப்போது இரானில் மட்டும் மிகச் சிலவே மிச்சம்.

பழைய ராஜாக்களைத் திட்டுவது சுலபம். 1990களில் மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் வலி மருந்தால், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. காரணம் தெரிந்தது 2004இல், கால்நடைகளுக்குத் தடை வந்தது 2006இல். அதற்குள் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது இது. எத்தனை பேர் கவனித்தோம்?

இங்கே நாற்பது வருஷமாக இருக்கும் பெரியவர்கள் அந்தக் கழுகுகளைப் பார்த்திருப்பார்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு நாள் உட்கார்ந்து சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர்களும் குரங்கைத் தவிர இங்கே எதுவும் இருந்ததில்லை என்றுதான் நினைப்பார்கள்.