பற்றாசும் பெயரும்: ரிபனி விளக்குகளின் பின்னாலுள்ள உழைப்பு

வண்ணக் கண்ணாடிக் கலையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் தேவாலயங்களையும், அவற்றுக்குக் கொடையளித்த புரவலரையும், வடிவமைத்த கலைஞரையுமே நோக்கினர். கண்ணாடித் துண்டுகள் எவ்வாறு இணைக்கப்பட்டன, இணைத்தோர் யாவர் என்னும் வினாக்கள் தொழினுட்பக் கைந்நூல்களுக்கு விடப்பட்டன. ஆயின் ஒரு கலைப்பொருளின் சமூகத் தன்மை அதன் இணைப்புகளிலேயே தெளிவாகப் புலப்படுவதுண்டு. இக்கருத்தினை நியூயோர்க் நகரின் ரிபனி கலைக்கூடங்களில் உருவான விளக்குகளைக் கொண்டு ஆராய்வதே எமது நோக்கமாகும்.

இடைக்காலம் முதலாக ஐரோப்பியக் கைவினைஞர், இருபுறமும் பள்ளமுள்ள ஈயச் சட்டங்களுக்குள் கண்ணாடித் துண்டுகளைச் செருகி, சட்டங்கள் சந்திக்கும் இடங்களில் பற்றவைத்தனர். பெருஞ் சாளரங்களுக்கு இம்முறை பொருந்தியது. விரல் நகமளவு துண்டுகளுக்கும் குவிந்த வடிவங்களுக்கும் ஈயச் சட்டம் மிகத் தடித்தது. செப்பு மென்தகட்டு முறை இத்தடையை நீக்கிற்று. ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் தேன்மெழுகு தடவிய மெல்லிய செப்புப் பட்டி சுற்றப்படும். துண்டுகள் வார்ப்பின் மீது அடுக்கப்பட்டு, செப்பின் மேற்பரப்பைத் துப்புரவாக்கும் திரவம் பூசப்பட்டபின், வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு உருக்கி ஓடவிடப்படும். பற்றாசு கண்ணாடியில் ஒட்டாது, செப்பில் ஒட்டும். முறையின் அடிப்படை இதுவே. அறுபதுக்கு நாற்பது விகிதக் கலவை ஏறத்தாழ 190 பாகை செல்சியசில் உருகிவிட, செப்போ 1085 பாகை வரை உருகாது நிற்கிறது. உட்புறமும் வெளிப்புறமும் பற்றாசு படிந்தபின் துண்டுகள் யாவும் ஓர் உலோக வலைக்குள் அகப்பட்டு ஒரே உடலாகின்றன.

இம்முறையை ‘ரிபனி முறை’ என வழங்குவதே மரபாகிவிட்டது. எனினும் கண்ணாடித் துண்டுகளை மெல்லிய செப்புப் பட்டிகளால் இணைக்கும் முறைக்கு 1886இல் காப்புரிமை பெற்றவர் பொஸ்ரனைச் சேர்ந்த சான்போர்ட் பிறே என்பவராவர். லூயிஸ் கம்போட் ரிபனி (1848-1933) புகழ்பெற்ற நகை வணிகரின் மைந்தர். மூலதனமும் சந்தையும் ஒருங்கே வாய்த்தவர். முறைக்குப் பெயர் தந்தது கண்டுபிடிப்பன்று, உடைமையே என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

உழைப்புப் பிரிவினை இம்முறையின் உடன்பிறப்பாயிற்று. 1901ஆம் ஆண்டளவில் வடிவமைக்கப்பட்ட ‘விஸ்டேரியா’ விளக்கின் கவிகையில் ஏறத்தாழ 2000 துண்டுகள் உள்ளன. அத்தனையும் நிறம் தெரிந்தெடுக்கப்பட்டு, வெட்டப்பட்டு, தனித்தனியே செப்புச் சுற்றப்பட வேண்டியவை. இவ்வேலைகள் பெண்கள் துறையில் நிகழ்ந்தன. பற்றவைப்பு ஆண்களிடம் சென்றது. ‘மூலதனம்’ முதற் பாகத்தில் (1867) மார்க்ஸ் விளக்கிய கூட்டுத் தொழிலாளி இங்கு கண்கூடாகிறான். பகுதி வேலை செய்யும் எவரும் முழுப் பொருளின் ஆக்கியோர் அல்லர். முழுப் பொருளோ அவர்கள் அனைவரதும் ஆக்கமாகும்.

பெண்கள் துறை தோன்றிய சூழல் ஆழ்ந்த கவனத்துக்குரியது. 1892இல் ஈயக் கண்ணாடித் தொழிலாளரின் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. 1893ஆம் ஆண்டுச் சிக்காக்கோக் கண்காட்சிக்கான வேலைகள் தேங்கிநிற்க, சங்கத்தில் இடமில்லாத பெண்களை ரிபனி வேலைக்கு அமர்த்தினார். இரண்டாண்டுகளில் அவர்களது தொகை 35 ஆயிற்று. ஒகையோ மாநிலத்தவரான கிளாரா டிறிஸ்கோல் (1861-1944) அத்துறையின் தலைவியானார். மணமான பெண்கள் வேலையில் நீடிக்கவியலாது என்பது நிறுவன விதி. அவர் முதன்முறை மணமுடித்தபோது வெளியேறினார். கணவர் இறந்தபின்னரே மீண்டார். 1909இல் மறுமணத்தின்பொருட்டு மீண்டும் வெளியேறினார்.

1903இல் முரண்பாடு முற்றியது. பெண்கள் துறையை மூடவேண்டுமெனக் கோரிய சங்கம், மறுத்தால் வேலைநிறுத்தம் என எச்சரித்தது. முடிவில் துறை நிலைத்தது. ஆயின் பெண்களின் தொகை 27ஐத் தாண்டலாகாது என வரையறுக்கப்பட்டது. முற்போக்கு அணியினர் இந்நிகழ்ச்சியைக் கடந்துசெல்லுதல் தகாது. பெண்ணுழைப்பை வேலைநிறுத்தத்துக்கு எதிரான கருவியாகப் பயன்படுத்தியது மூலதனம் என்பது உண்மை. அக்கருவியை முறிக்கும் வழி பெண்களைச் சங்கத்துள் சேர்ப்பதாயிருக்க, சங்கம் அவர்களை வெளியே தள்ள முனைந்தது என்பதும் உண்மையே. முதலாவதை மட்டும் கூறுவது வரலாறாகாது. தொழிலாளர் தமக்குள்ளே எழுப்பிய சுவரினால் பயன்பெற்றவர் முதலாளியே. இரு தரப்பும் அவர் முன்னிலையிலேயே பேரம்பேச வேண்டியதாயிற்று.

விளக்குகளிற் பொறிக்கப்பட்டதோ ‘ரிபனி கலைக்கூடங்கள், நியூயோர்க்’ என்னும் முத்திரை. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் பெற்ற தும்பி விளக்கு டிறிஸ்கோலின் வடிவமைப்பாகும். அவரது வாரச் சம்பளம் 35 டொலர். 1906இல் ஒரு விஸ்டேரியா விளக்கின் விலை 400 டொலர். பதினொரு வாரச் சம்பளம் முழுவதையும் செலவிட்டாலும் தாம் வடிவமைத்த விளக்கொன்றினை அவரால் வாங்கியிருக்க முடியாது. அவர் வாழ்ந்த காலத்திற் பத்திரிகையில் இடம்பெற்ற பெயர் பின்னர் மறக்கப்பட்டது. தாய்க்கும் சகோதரிகளுக்கும் அவர் எழுதிய கடிதங்களை மார்ட்டின் ஐடெல்பேர்க், நீனா கிறே முதலிய ஆய்வாளர் வெளிக்கொணர்ந்ததன் பயனாக, 2007இல் நியூயோர்க் வரலாற்றுச் சங்கம் நடத்திய கண்காட்சி அவரை உலகறியச் செய்தது. 2018இல் ரிபனி விளக்கொன்று ஏலத்தில் 33 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. ஏலத்தில் உயர்வது உழைத்தவரின் கூலியன்று, முத்திரையின் மதிப்பு.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ரிபனி இருந்த பீடத்தில் டிறிஸ்கோலை அமர்த்துவதோடு ஆய்வு நிறைவுறுமாயின், தனிமனித மேதைமை என்னும் கோட்பாடு ஆள்மாறி நிலைபெறுமேயன்றித் தகராது. கடிதம் எழுதும் கல்வியும் அவற்றைப் பேணிய குடும்பமும் அவருக்கு இருந்தன. செப்புச் சுற்றிய பெண்களிற் பலருக்கும், உருகும் ஈயத்தின் அருகே குனிந்து நின்று பற்றவைத்தோருக்கும் அவ்வாய்ப்பு இருந்ததில்லை. இலக்கிய வரலாற்று மாணவரான எமக்கு இது அயலான பாடமன்று. நாமும் பெயர்களின் நிரலையே வரலாறெனப் பயின்றவர்கள்; ஏடு பெயர்த்தோரையும் அச்சுக் கோத்தோரையும் எண்ணாது விட்டவர்கள்.

விளக்கு எரியும்பொழுது கண்ணாடி ஒளிர்கிறது. பற்றாசு கருங்கோடாகத் தோன்றுகிறது. அக்கோடுகளின்றி அங்கு மலருமில்லை, தும்பியுமில்லை. கலை வரலாற்றாசிரியன் படிக்கப் பழகவேண்டியது அக்கருங்கோடுகளையே.