தாயும் சேயும் மருந்தும்

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பது நம் பழமொழி. அதன் உண்மையை மருத்துவ உலகம் முற்றும் உணர ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பிடித்தது. எச்.ஐ.வி. கிருமியினின்று சிசுவைக் காக்கும்பொருட்டுக் கருவுற்ற தாய்மாரிடம் மருந்துகளைச் சோதித்த வரலாறே அதற்குச் சான்றாகும்.

மார்சிலிங்கில் வாழும் ஒரு பெண் கருவுற்று மருத்துவரிடம் செல்வாளாயின், அவளுக்குச் செய்யப்பெறும் இரத்தச் சோதனைகளுள் எச்.ஐ.வி. சோதனையும் ஒன்று. அவள் வேண்டாமென மறுத்தாலன்றி அச்சோதனை நடைபெறும் முறை சிங்கப்பூரில் 2004 டிசம்பரில் வந்தது. கிருமி இருப்பது தெரிந்தால் எம்மருந்தைக் கொடுப்பது? இவ்வினாவுக்கு விடை எளிதில் கிடைத்துவிடவில்லை.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் அதனைக் கண்டறிந்தனர். கருவிலும், பேற்றின்போதும், தாய்ப்பால் வழியும் கிருமி குழந்தையை அடையக்கூடும். மருந்தே இல்லையேல் நூற்றில் 15 முதல் 45 குழந்தைகள் வரை அதற்கு இரையாவர்.

முதல் ஒளி 1994இல் தோன்றியது. அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வில் ஸிடோவுடைன் என்னும் ஒரே மருந்து தாய்க்கும் பின்னர்ச் சேய்க்கும் கொடுக்கப்பட்டது. தொற்று நூற்றுக்கு 25.5இலிருந்து 8.3ஆகக் குறைந்தது. ஆயின் அம்முறை நீண்டது, செலவும் மிகுந்தது. ஏழை நாடுகள் என் செய்யும்? 1999இல் உகாண்டாவிலிருந்து மறுமொழி வந்தது. பேற்றுவலி கண்டதும் தாய்க்கு ஒரு நெவிராபைன் மாத்திரை, பிறந்த மூன்று நாளுக்குள் குழந்தைக்கு ஒருவேளை மருந்து, அவ்வளவே. இந்தியாவும் 2000ஆம் ஆண்டில் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் 11 மருத்துவமனைகளில் ஸிடோவுடைன் கொண்டு முயன்று, பின்னர் நெவிராபைனுக்கு மாறியது.

குழந்தை பிழைத்தது, தாய் என்ன ஆனாள்? 2004இல் தாய்லாந்து ஆய்வு அதனைக் காட்டிற்று. அந்த ஒற்றை மாத்திரையை முன்னர் உண்ட தாய்மாருள் பலரிடம் கிருமி அம்மருந்துக்கு அடங்காததாய் மாறியிருந்தது. பின்னாளில் நெவிராபைன் சேர்ந்த சிகிச்சை பெற்றபோது, அத்தகையோரில் நூற்றுக்கு 49 பேரிடமே கிருமி நன்கு அடங்கியது. அம்மாத்திரையை உண்ணாதாரில் 68 பேரிடம் அடங்கியது. பிள்ளைக்காகத் தந்த மருந்து தாயின் மருந்தைப் பறித்துக்கொண்டது எனலாம்.

ஒரு மருந்தை ஏய்க்கும் கிருமி மூன்றை ஒருங்கே ஏய்ப்பது அரிது. ஆகவே கூட்டு மருந்துகள் வந்தன. 2011 முதல் ஆப்பிரிக்க நாடுகளிலும், இந்தியாவில் புனே பி.ஜே. மருத்துவக் கல்லூரியிலும் நடந்த 'பிராமிஸ்' ஆய்வில், கூட்டு மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 0.5 பேருக்கே தொற்று ஏற்பட்டது. ஸிடோவுடைனை முதன்மையாகக் கொண்ட பழைய முறையில் அது 1.8. எனினும் வேறொரு குறை தோன்றிற்று. ஸிடோவுடைன் கலந்த கூட்டு மருந்தைப் பெற்றவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 23 பேர் 2,500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறந்தனர். பழைய முறையில் 12 பேரே. கூட்டு மருந்து நன்றே. எக்கூட்டு நன்று என்பதையும் ஆராய்ந்தாக வேண்டியிருந்தது.

அதற்கெனவே 2018இல் இந்தியா உட்பட 9 நாடுகளில் 643 கர்ப்பிணிகளிடம் 'வெஸ்டெட்' ஆய்வு தொடங்கிற்று. டோலுடெக்ராவிர் சேர்ந்த கூட்டுகளைப் பெற்றோரில் நூற்றுக்கு 98 பேரிடம் பேற்றின்போது கிருமி அடங்கியிருந்தது. எஃபாவிரென்ஸ் சேர்ந்த கூட்டில் 91 பேரிடம். டோலுடெக்ராவிருடன் புதுவகை டெனோஃபோவிர் சேர்ந்தபோது குறைப்பேறு முதலிய இடர்களும் குறைந்தன. 2021இல் வெளியான இம்முடிவுகளில் தாயின் நலமும் சேயின் நலமும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டன.

இதற்கிடையே, 2014 முதல் இந்தியா கர்ப்பிணிகளுக்கு வாழ்நாள் முழுதுமான சிகிச்சையை மேற்கொண்டது. மார்சிலிங்குக்கு அக்கரையிலுள்ள மலேசியா 2018இலும், இலங்கை 2019இலும், தாய்வழித் தொற்றை ஒழித்த நாடுகளென உலகச் சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்டன.

இவ்வெற்றிக்கு ஆய்வாளரின் அறிவு மட்டும் காரணமன்று. வயிற்றில் பிள்ளையோடு, பயன் உறுதியில்லாத மருந்தை ஏற்க முன்வந்த பெயரறியாத் தாய்மாரின் துணிவும் காரணமாகும். கருவுற்றோருக்கு மருந்து தருமுன், அது பிள்ளைக்கு என் செய்யும் எனக் கேட்டால் போதாது. தாய்க்கு என் செய்யும் எனவும் கேட்க வேண்டும். இப்பாடத்தை உலகுக்குக் கற்பித்தவர்கள் அத்தாய்மாரே.